பாடம் 9: சிறுதுளி ஒளி

நுழையும்முன்

வானில் கண்ணுக்குத் தெரிவன சில, தெரியாதன பல. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் படம்பிடித்துக் காட்டினால், அந்தப் படத்தை நம்பலாமா? சிவப்பும் நீலமும் பொன்னிறமும் கலந்த விண்முகில் படங்களைக் காணும் மாணவர் பலருக்கு இவ்வையம் எழுவதுண்டு. அத்தகைய படம் எவ்வாறு உருவாகிறது என்பதையும், அதில் எது இயற்கை தந்தது, எது மனிதர் தேர்ந்தது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

மார்கழி வானில் ஒரு முகில்

கல்பாத்தியில் ஐப்பசித் தேர்த்திருவிழா முடிந்து, கார்த்திகை விளக்குகளும் ஏற்றப்பட்டபின், மார்கழி பிறக்கிறது. மழைமேகங்கள் விலகி வானம் தெளிந்திருக்கும் காலம் அது. முன்னிரவில் கிழக்கு நோக்கி நிற்பவர், நேர்கோட்டில் அடுத்தடுத்து அமைந்த மூன்று விண்மீன்களைக் காணலாம். அவற்றுக்கு வடக்கே செந்நிறமாக ஒளிர்வது திருவாதிரை. தெற்கே வெண்ணீல ஒளியுடன் விளங்குவது ரைஜல். இவற்றை உள்ளடக்கிய கூட்டத்தை மேலைநாட்டார் ஓரியன் என்னும் வேட்டைக்காரனாக உருவகித்தனர். மூன்று விண்மீன்களும் அவனது இடைக்கச்சை. அதிலிருந்து தெற்கே தொங்கும் மங்கலான வரிசை அவனது வாள்.

அந்த வாளின் நடுப்பகுதி மற்ற விண்மீன்களைப்போலக் கூரிய புள்ளியாகத் தெரிவதில்லை. இருண்ட இடத்திலிருந்து கூர்ந்து நோக்கினால் புகை படிந்ததுபோலத் தோன்றும். அதுவே நெபுலா எனப்படும் விண்முகில். வாயுவும் தூசியும் கலந்த அப்பெருந்திரள், பூமியிலிருந்து ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. பல்லவர் மாமல்லபுரத்தில் பாறைகளைக் குடைந்து கோயில் எடுத்த 7ஆம் நூற்றாண்டை ஒட்டிப் புறப்பட்ட ஒளியே இன்று நம் கண்ணை வந்தடைகிறது.

அம்முகிலைக் காணக் கல்பாத்தி நல்ல இடத்தில் அமைந்துள்ளது. இவ்வூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் உள்ளது. ஆகவே, ஓரியன் விண்முகில் இங்கு அடிவானிலிருந்து 74 பாகை உயரம்வரை ஏறுகிறது. இலண்டன் நகரில் அது 33 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. மார்கழித் தொடக்கத்தில் நள்ளிரவை ஒட்டியும், தை மாதத்தின் நடுவில் இரவு ஒன்பது மணியளவிலும் அது தன் உச்ச உயரத்தை அடைகிறது.

எனினும், கல்பாத்தியின் தெருக்களில் நிற்பவருக்கு அம்முகில் எளிதில் புலப்படுவதில்லை. தெருவிளக்குகளும் பாலக்காட்டு நகரின் கடைவிளக்குகளும் வானத்தையே வெளிறச் செய்துவிடுகின்றன. முகில் தன் இடத்தில்தான் இருக்கிறது. அதன் ஒளியும் தெருவில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. வேறு ஒளி அதனை மூழ்கடித்துவிடுகிறது.

முகில் ஒளிரும் முறை

சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால், ஊதா முதல் சிவப்பு வரை இடைவெளியின்றி விரியும் வண்ணப்பட்டை தோன்றும். இதனை நிறமாலை என்பர். ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஓர் அலைநீளம் உண்டு. மனிதக் கண் காணும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களைக் கொண்டது.

ஒளிரும் வாயுவின் நிறமாலை இவ்வாறு இருப்பதில்லை. அதில் பெரும்பகுதி இருண்டிருக்க, ஆங்காங்கே சில மெல்லிய கோடுகள் மட்டும் பளிச்சிடும். ஒவ்வொரு தனிமத்திற்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. கைரேகையைக் கொண்டு ஆளை அறிவதுபோல, இக்கோடுகளைக் கொண்டு தனிமத்தை அறியலாம்.

ஓரியன் விண்முகிலின் நடுவே, அண்மையில் பிறந்த மிக வெப்பமான விண்மீன்கள் உள்ளன. அவை வெளியிடும் புறஊதாக் கதிர்கள், சூழ்ந்துள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கின்றன. பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் ஓர் அணுவோடு சேரும்போது, படிப்படியாகத் தாழ்ந்த ஆற்றல்நிலைக்கு இறங்குகிறது. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும்போது 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளி பிறக்கிறது. இதற்கு ஹைட்ரஜன் ஆல்ஃபா என்று பெயர். அதே முகிலில் இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன், 495.9, 500.7 ஆகிய நானோமீட்டர்களில் நீலம் கலந்த பச்சை ஒளியைத் தருகிறது. ஓர் எலக்ட்ரானை இழந்த கந்தகம், 671.6, 673.1 ஆகிய இடங்களில் அடர்சிவப்பு ஒளியைத் தருகிறது.

விண்முகிலைப் படம்பிடிப்போர் பெரிதும் நாடுவன இம்மூன்று தனிமங்களின் கோடுகளே.

பெயர் தெரியாத பச்சைக் கோடு

மேற்கூறிய பச்சைக் கோட்டிற்கு நீண்ட வரலாறு ஒன்று உண்டு. 1864ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 அன்று, இலண்டனில் வில்லியம் ஹக்கின்ஸ் என்பவர் 20 செ.மீ. விட்டமுள்ள தம் தொலைநோக்கியை ஒரு விண்முகிலை நோக்கித் திருப்பினார். அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, வண்ணப்பட்டைக்கு மாறாக மெல்லிய கோடுகளே தெரிந்தன. அம்முகில், தொலைவினால் மங்கித் தோன்றும் விண்மீன் கூட்டமன்று, உண்மையான வாயுத்திரளே என்பது அதனால் உறுதியாயிற்று.

ஆனால், மிகப் பளிச்சென்ற பச்சைக் கோடு அந்நாளில் அறியப்பட்டிருந்த எந்தத் தனிமத்துடனும் பொருந்தவில்லை. பிற்காலத்தார், அது பூமியில் இல்லாத புதிய தனிமத்தின் கோடு என்று கருதி, அதற்கு நெபுலியம் எனப் பெயரிட்டனர். அவ்வாறு கருதியதற்குக் காரணம் இருந்தது. 1868 ஆகஸ்டு 18 அன்று இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. பிரான்சு நாட்டு அறிஞர் ஜான்சென் குண்டூருக்கு வந்து அதனை ஆராய்ந்தார். அவ்வாண்டில் சூரியனின் நிறமாலையில் கவனிக்கப்பட்ட ஒரு மஞ்சள் கோடும் அறியப்பட்ட எதனோடும் பொருந்தாதிருந்தது. அதற்குரிய தனிமத்திற்கு ஹீலியம் என்று பெயர் சூட்டினர். 1895இல் வில்லியம் ராம்சே அதனைப் பூமியிலேயே கண்டறிந்தார். ஆகவே, நெபுலியமும் ஒருநாள் கிடைக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர்.

அது கிடைக்கவேயில்லை. 1927இல் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் இப்புதிரை விடுவித்தார். பச்சைக் கோடு புதிய தனிமத்தினுடையது அன்று. நாம் மூச்சில் இழுக்கும் அதே ஆக்சிஜனுடையது. ஒரு குறிப்பிட்ட ஆற்றல்நிலைக்கு உயர்ந்த ஆக்சிஜன் அயனி, அவ்வொளியை வெளியிடுவதற்குச் சராசரியாக அரை நிமிடத்துக்கு மேல் அமைதியாக இருக்கவேண்டும். பூமியின் காற்றில் அது இயலாது. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் கோடிகோடியாக மூலக்கூறுகள் நெருங்கியிருப்பதால், அயனி ஒரு நொடியேனும் மோதாமல் இருப்பதில்லை. விண்முகிலிலோ அதே கன சென்டிமீட்டரில் சில நூறு முதல் சில ஆயிரம் துகள்களே உள்ளன. ஆகவே, அங்கு அயனி தன் ஒளியை வெளியிடும்வரை இடையூறின்றி இருக்க முடிகிறது.

பொருந்தாத இரண்டு கோடுகளுள் ஒன்று புதிய தனிமத்தைக் காட்டிற்று. மற்றொன்று பழைய தனிமத்தின் புதிய நிலையைக் காட்டிற்று. பெயர் சூட்டுவது எளிது. அப்பெயர் எதைக் குறிக்கிறது என்பதை ஆய்வுதான் முடிவு செய்யும்.

கண்ணும் கேமராவும்

மனிதக் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. ஏறத்தாழ ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் விழும் ஒளியைக் கொண்டு அது காட்சியை உருவாக்குகிறது. பின்னர் அடுத்த காட்சிக்குச் செல்கிறது. மேலும், மங்கிய ஒளியில் செயற்படும் கண்ணின் செல்கள் வண்ணத்தைப் பிரித்தறிவதில்லை. அடர்சிவப்பை அவை உணர்வதே அரிது. இதனால்தான், தொலைநோக்கி வழியே நேரில் பார்த்தாலும் விண்முகில் சாம்பல்நிறப் புகையாகவே தெரிகிறது.

கேமரா ஒளியைச் சேர்த்து வைக்கிறது. 1880 செப்டம்பர் 30 அன்று, அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர் ஓரியன் விண்முகிலை முதன்முதலாகப் புகைப்படம் எடுத்தார். 28 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியில் வேதிப்பூச்சுத் தகட்டை வைத்து, ஏறத்தாழ 50 நிமிடம் அதன்மேல் ஒளி விழச் செய்தார். 1883இல் ஆங்கிலேயர் ஆண்ட்ரூ காமன் இன்னும் பெரிய தொலைநோக்கியால் எடுத்த படத்தில், அதே கருவியின் வழியே கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களும் பதிந்திருந்தன. கண் கண்டதை வரைந்து வைக்க மட்டுமன்றி, கண் காணாததைக் கண்டறியவும் கேமரா பயன்படும் என்பதை அப்படம் நிறுவியது.

இன்று வேதித்தகட்டின் இடத்தை மின்னணு உணரி பெற்றுவிட்டது. ஒளித்துகள் உணரியில் விழும்போது எலக்ட்ரான் ஒன்று விடுபட்டுச் சேமிக்கப்படுகிறது. சேர்ந்த எலக்ட்ரான்களை எண்ணினால் விழுந்த ஒளியின் அளவு தெரியும். 6 முதல் 8 செ.மீ. விட்டமே உள்ள சிறிய தொலைநோக்கியில் இத்தகைய உணரியைப் பொருத்தி, டிரேப்பரின் படத்தைவிட நுட்பமான படத்தை ஒரு வீட்டின் மொட்டைமாடியிலிருந்தே எடுக்க இயல்கிறது.

விளக்குகளுக்கு நடுவே ஒரு சாளரம்

மாடியில் நின்று கேமராவை நெடுநேரம் திறந்து வைத்தால் விண்முகிலின் ஒளி சேரும். அதனுடன் தெருவிளக்கின் ஒளியும் சேரும். சில நிமிடங்களில் படம் முழுவதும் வெளிறிப்போகும். இத்தடையைக் கடக்க உதவுவது குறும்பட்டை வடிகட்டி.

இது ஒரு சிறிய கண்ணாடி வட்டம். அதன்மேல் மிக மெல்லிய பூச்சுகள் அடுக்கடுக்காக இடப்பட்டுள்ளன. குறிப்பிட்ட அலைநீளத்தையும் அதனை ஒட்டிய சில நானோமீட்டர்களையும் மட்டும் அது உள்ளே விடுகிறது. மற்றவற்றைத் திருப்பி அனுப்புகிறது. 656.3 நானோமீட்டரை மையமாகக் கொண்ட 7 நானோமீட்டர் அகல வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அகலம் 300 நானோமீட்டர். அதில் 7 நானோமீட்டர் என்பது நாற்பதில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. வெள்ளை விளக்கின் ஒளி எல்லா வண்ணங்களிலும் பரவியிருப்பதால், அதில் பெரும்பகுதி தடுக்கப்படுகிறது. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி 589 நானோமீட்டரில் குவிந்திருப்பதால், அது ஏறத்தாழ முழுவதுமாகத் தடுக்கப்படுகிறது. விண்முகிலின் ஹைட்ரஜன் ஒளியோ ஒரே கோட்டில் இருப்பதால், பெரும்பாலும் குறைவின்றி உள்ளே வருகிறது.

திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருந்தாலும், தாய் தன் குழந்தையின் குரலை அடையாளம் கண்டுகொள்வாள். வடிகட்டியின் செயலும் அத்தகையதே. அது முகிலின் ஒளியைப் பெருக்குவதில்லை. மற்ற ஒளியை விலக்குகிறது.

மார்கழித் திருவாதிரை முழுநிலவை ஒட்டி வருவது. அன்று நிலவும் ஓரியனும் அருகருகே இருக்கும். வடிகட்டி இல்லாதவர் அன்று மங்கிய முகிலைப் படம்பிடிக்க முனைவதில்லை. ஹைட்ரஜன் வடிகட்டி உடையவர் அன்றும் ஓரளவு பணியாற்றலாம். ஆக்சிஜனின் பச்சைக் கோட்டிற்கு அவர் நிலவில்லாத இரவுக்காகக் காத்திருப்பார். ஏனெனில், வானில் சிதறும் நிலவொளி செந்நிறப் பகுதியைவிட நீலப்பச்சைப் பகுதியில் மிகுதி.

கோடைக்கானலின் நூற்றாண்டுப் பதிவு

ஒரே கோட்டின் ஒளியில் வானைப் படம்பிடிக்கும் முறை தமிழ் மக்களுக்குப் புதியதன்று. இடுக்கி மாவட்டத்திற்குக் கிழக்கே, பழனி மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் கோடைக்கானல் சூரிய ஆய்வகம் உள்ளது. 1901இல் அங்குச் சூரிய ஆய்வு தொடங்கிற்று. 1904 முதல், கால்சியம் தனிமம் ஊதா நிறத்தில் தரும் 393.4 நானோமீட்டர் கோட்டில் மட்டும் சூரியனைப் படம்பிடித்தனர். 1912 முதல் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளியிலும் படம்பிடித்தனர். அக்காலத்தில் இன்றைய வடிகட்டிகள் இல்லை. ஒளியை நிறமாலையாகப் பிரித்து, வேண்டிய கோட்டை மட்டும் மெல்லிய பிளவின் வழியே செலுத்தி, சூரிய வட்டத்தைச் சிறிது சிறிதாகத் தகட்டில் பதித்தனர்.

முகில் மறைக்காத நாள்தோறும் அப்பணி நடைபெற்றது. ஒருநாள் படம் ஒருநாளின் சூரியனையே காட்டும். நூறாண்டுப் படங்களை வரிசையாக வைத்தால், ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனின் கொந்தளிப்பு மிகுவதும் குறைவதும் தெரியும். இன்று அத்தகடுகள் கணினிப் பதிவுகளாக மாற்றப்பட்டு, ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. தகட்டைப் பதித்தவருள் பலர் அதன் முழுப்பயனைக் காண வாழ்ந்திருக்கவில்லை. ஆயினும், நாளையும் அளவையும் தவறாது குறித்து வைத்தனர்.

எச்சரிக்கை: விண்முகிலுக்குரிய வடிகட்டியைக் கொண்டு சூரியனை ஒருபோதும் பார்த்தலாகாது. சூரியனுக்கென அமைந்த தனிப் பாதுகாப்பு இல்லாமல் தொலைநோக்கியைச் சூரியனை நோக்கித் திருப்பினால் பார்வை பறிபோகும்.

சுழலும் பூமியும் வீசும் காற்றும்

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஆகவே, ஐந்து நிமிடம் தொலைநோக்கி அசையாமல் நின்றால், வானம் ஒன்றேகால் பாகை நகர்ந்துவிடும். அது இரண்டரை முழுநிலவுகளை அடுக்கிய அகலம். விண்மீன்கள் புள்ளிகளாகப் பதியாமல் நீண்ட கோடுகளாகப் பதியும். இதனைத் தவிர்க்க, பூமி சுழலும் அதே வேகத்தில் எதிர்த்திசையில் தொலைநோக்கியைச் சுழற்றும் தாங்கி தேவைப்படுகிறது.

அத்தாங்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைய வேண்டும். துருவ விண்மீனைக் கொண்டு அதனை அமைப்பது வழக்கம். டெல்லியில் துருவ விண்மீன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 28 பாகை உயரத்தில் நிற்கும். கல்பாத்தியில் அது ஏறத்தாழ 11 பாகை உயரத்திலேயே உள்ளது. ஒரு தென்னையோ அடுத்த வீட்டு மாடியோ அதனை மறைத்துவிடும். அவ்விடத்தில் வேறு இரு விண்மீன்கள் எத்திசையில் விலகிச் செல்கின்றன என்பதைப் பார்த்துப் பார்த்து அச்சைச் சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய் மற்றொரு தடையையும் தருகிறது. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் உயர்ந்து நிற்க, இடைப்பட்ட தாழ்நிலத்தின் வழியே குளிர்காலத்தில் கீழைக்காற்று விரைந்து வீசுகிறது. வானம் தெளிந்திருக்கும் அதே மாதங்களில்தான் காற்றும் மிகுதி. மெல்லிய அசைவும் படத்தைக் கெடுக்கும் என்பதால், காற்று அடங்கும் வேளையைப் பார்த்தே பணிசெய்ய வேண்டியிருக்கும்.

பல படங்கள், ஒரு படம்

இக்காரணங்களால், மூன்று மணி நேரம் தொடர்ந்து ஒரே படம் எடுப்பதில்லை. ஐந்து நிமிடம் கொண்ட 36 படங்களாக எடுக்கின்றனர். ஒரு படத்தில் விமானமோ செயற்கைக்கோளோ குறுக்கிட்டாலும், காற்று அசைத்தாலும், அதனை மட்டும் நீக்கிவிடலாம். எஞ்சியவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கூட்டுகின்றனர்.

இவ்வாறு கூட்டுவதால் என்ன பயன்? பழைய வீட்டின் நடுமுற்றத்தில் மழைநாளில் ஒரு கிண்ணத்தை வைத்ததாகக் கொள்வோம். ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 100 துளிகள் விழுகின்றன. எனினும், ஒரு நிமிடத்தில் 92, மற்றொரு நிமிடத்தில் 109 என எண்ணிக்கை மாறும். இம்மாற்றம் ஏறத்தாழ 10 துளி. அதாவது பத்தில் ஒரு பங்கு. 10,000 துளிகள் விழும்வரை எண்ணினால், மாற்றம் ஏறத்தாழ 100 துளி. அதாவது நூற்றில் ஒரு பங்கு. ஒளித்துகள்களும் மழைத்துளிகளைப்போலவே ஒழுங்கின்றி விழுகின்றன. படத்தில் மணல் தூவியதுபோலத் தோன்றும் இக்குறையை இரைச்சல் என்பர்.

நான்கு படங்களைக் கூட்டினால் ஒளி 4 மடங்காகும். இரைச்சல் 2 மடங்கே ஆகும். ஆகவே தெளிவு 2 மடங்கு. 16 படங்களுக்குத் தெளிவு 4 மடங்கு. 100 படங்களுக்கு 10 மடங்கு. தெளிவை இரட்டிப்பாக்க உழைப்பை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது இதன் பொருள். சிறுதுளி பெருவெள்ளம் என்னும் பழமொழி ஒளிக்கும் பொருந்துகிறது; ஆனால், துளி சேரப் பொறுமை வேண்டும்.

உணரியும் தன் பங்கிற்குப் பிழை செய்கிறது. அது சூடாகும்போது, ஒளி விழாமலே சில எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. இதனை அறிய, தொலைநோக்கியை மூடிவைத்து அதே நேர அளவில் இருட்படங்கள் எடுக்கின்றனர். கண்ணாடியில் படிந்த தூசியின் நிழலை அறிய, சீரான ஒளியை நோக்கிச் சில படங்கள் எடுக்கின்றனர். முன்னதைக் கழித்தும், பின்னதால் வகுத்தும் பிழைகளை நீக்குகின்றனர். ஒன்றும் இல்லாத இருட்டையும் அளந்து வைத்தால்தான், இருப்பதைச் சரியாக அளக்க முடியும்.

வண்ணம் உண்மையா?

ஒவ்வொரு வடிகட்டியின் வழியாகவும் கிடைப்பது கறுப்பு வெள்ளைப் படமே. ஹைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் ஆகிய மூன்றிற்கும் தனித்தனிப் படங்கள் உருவாகின்றன. அவற்றை ஒரே வண்ணப்படமாக்கும்போது, எதற்கு எவ்வண்ணம் என்பதை மனிதர் தேர்ந்தெடுக்கின்றனர்.

1995இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த கழுகு விண்முகிலின் தூண்கள் உலகப் புகழ் பெற்றவை. அப்படத்தில் கந்தகத்திற்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்சிஜனுக்கு நீலமும் தரப்பட்டன. இயற்கையில் ஹைட்ரஜன் கோடும் கந்தகக் கோடும் ஆகிய இரண்டும் சிவப்பே. இரண்டையும் சிவப்பாகவே காட்டியிருந்தால், எது எங்கே உள்ளது என்று பிரித்தறிய முடியாது. அலைநீளம் மிகுந்ததற்குச் சிவப்பு, இடைப்பட்டதற்குப் பச்சை, குறைந்ததற்கு நீலம் என்ற ஒழுங்கில் அவை அமைந்தன.

அப்படியானால் அப்படம் பொய்யா? நிலப்படத்தில் கேரளம் ஒரு வண்ணத்திலும் தமிழ்நாடு மற்றொரு வண்ணத்திலும் இருக்கும். வாளையாற்றைக் கடந்தவுடன் மண்ணின் நிறம் மாறுவதில்லை. ஆயினும் நிலப்படம் பொய்யன்று; வண்ணம் எதைக் குறிக்கிறது என்பதை அதன் ஓரத்திலுள்ள குறிப்பு சொல்லிவிடுகிறது. விண்முகில் படமும் அவ்வாறே. வண்ணம் தேர்ந்தது, வடிவம் அளந்தது. எவ்விடத்தில் எத்தனிமத்தின் ஒளி மிகுதி என்பது உணரி எண்ணித் தந்த உண்மை.

ஆனால், இவ்வுண்மைக்கு எல்லை உண்டு. மங்கிய பகுதியைத் தெரியுமாறு ஒளிகூட்டுவது முறை. எல்லாப் படங்களிலும் உள்ள பிழையை அளந்து நீக்குவதும் முறை. எந்தப் படத்திலும் பதியாத ஓர் இழையை அழகுக்காகச் சேர்ப்பது முறையன்று. பதிந்த மங்கலான விண்மீனை வேண்டாமென்று அழித்துவிட்டுச் சொல்லாமலிருப்பதும் முறையன்று. அதனால்தான், நேர்மையான படத்தின் கீழே சில செய்திகள் குறிக்கப்படுகின்றன: எந்தத் தொலைநோக்கி, எந்த வடிகட்டிகள், எத்தனை நிமிடப் படங்கள் எத்தனை, எக்கோட்டிற்கு எவ்வண்ணம், எவ்வூரிலிருந்து, எந்நாளில். அக்குறிப்பைக் கொண்டு மற்றொருவர் அதே படத்தை எடுத்துச் சரிபார்க்க முடியும்.

இக்காலத்தில் கணினி நொடிப்பொழுதில் கண்கவர் படங்களை வரைந்து தந்துவிடுகிறது. அவற்றுள் எது வானிலிருந்து வந்தது, எது வானைக் காணாமலே வரையப்பட்டது என்பதைக் கண்ணால் மட்டும் பிரித்தறிவது அரிது. படத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன் அதன் அடிக்குறிப்பைப் படிக்கும் பழக்கம் மாணவருக்கு வேண்டும். அடிக்குறிப்பு இல்லாத படத்தை விரும்பலாம். அதனைச் சான்றாகக் கொள்ளலாகாது.

சொற்பொருள்

விண்முகில் – விண்மீன்களுக்கு இடையே பரவியுள்ள வாயுவும் தூசியும் சேர்ந்த திரள்
நிறமாலை – ஒளி அலைநீள வரிசையில் பிரிந்து தோன்றும் பட்டை
அயனி – எலக்ட்ரானை இழந்த அல்லது கூடுதலாகப் பெற்ற அணு
குறும்பட்டை வடிகட்டி – சில நானோமீட்டர் அகலமுள்ள ஒளியை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி
உணரி – விழும் ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேமிக்கும் பகுதி
இரைச்சல் – ஒளித்துகள்கள் ஒழுங்கின்றி விழுவதால் படத்தில் தோன்றும் மணல் போன்ற குறை
பாகை – வட்டத்தின் 360இல் ஒரு பங்கு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஓரியன் விண்முகில் எந்த மூன்று விண்மீன்களுக்குத் தெற்கே உள்ளது?
2. தொலைநோக்கி வழியே பார்த்தாலும் விண்முகில் சாம்பல்நிறமாகத் தெரிவது ஏன்?
3. கல்பாத்தியில் துருவ விண்மீனைக் கொண்டு தாங்கியின் அச்சை அமைப்பது கடினமாவது ஏன்?
4. இருட்படம் எதற்காக எடுக்கப்படுகிறது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. ஹீலியம், நெபுலியம் ஆகிய இரு பெயர்களின் வரலாற்றை ஒப்பிட்டு எழுதுக.
2. வடிகட்டி முகிலின் ஒளியைப் பெருக்குவதில்லை என்னும் கூற்றை விளக்குக.
3. விண்முகில் படத்தையும் நிலப்படத்தையும் பாடம் எவ்வகையில் ஒப்பிடுகிறது? இவ்வொப்புமை உங்களுக்கு ஏற்புடையதா? காரணம் தருக.

இ. கணக்கிடுக.
1. ஐந்து நிமிடப் படங்கள் 36 எடுக்கப்பட்டன. மொத்தம் எத்தனை மணி நேரம்? ஒரு படத்தைவிடத் தெளிவு எத்தனை மடங்கு?
2. 300 நானோமீட்டர் அகல ஒளியில் 3 நானோமீட்டர் வடிகட்டி எத்தனையில் ஒரு பங்கை உள்ளே விடும்?

ஈ. பிரித்து எழுதுக.
செந்நிறம், வெண்ணீலம், முன்னிரவு, நள்ளிரவு, பேரொளி

உ. தொடரில் அமைத்து எழுதுக.
சிறிது சிறிதாக, ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கடுக்காக

ஊ. செயல்பாடு
தை மாதத்தில் நிலவில்லாத இரவொன்றில், பெரியவர் ஒருவருடன் மாடியில் நின்று ஓரியன் கூட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை எண்ணுக. வீட்டு விளக்குகளை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் எண்ணுக. நாள், நேரம், ஊர், இரு எண்ணிக்கைகள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. வேறு ஊரில் வாழும் உறவினர் ஒருவரையும் அதே வாரத்தில் எண்ணச்சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டு ஐந்து தொடர்கள் தமிழில் எழுதுக.